நூற்று அறுபத்திரண்டு கட்டங்கள்

ஒரே ஒரு அடி. நாற்பது நிமிஷம் ஓடும் உருப்படியில் அவனுக்கு மொத்த வேலையும் அவ்வளவுதான். கைக்கொன்றாக இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் எழுந்து நின்று, ஒரு முறை மோத வேண்டும். பிறகு உட்கார்ந்துவிடலாம். இதற்கா ஒருத்தனுக்குத் தூக்கம் போகும் என்று கேட்டால், நீங்களும் அவன் மச்சானும் ஒரே கட்சி.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். போன வருஷம்வரை அந்தக் கடையில்தான் அவன், குளியலறைத் தரைக்கு எது வழுக்காது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து கற்றுக்கொண்ட வித்தைக்கு ஒரு வழி பிறந்து, நகரத்து மேற்கத்திய இசை ஆர்க்கெஸ்ட்ராவில் தட்டு அடிக்க ஆள் எடுத்தபோது, கடைச் சாவியை மச்சான் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். ஒரு வருஷம் சோதனைக் காலம். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. மாமியார் அக்கம்பக்கத்தில் "எங்க மாப்பிள்ளை ஜால்ரா அடிக்கிறார்" என்று சொல்லிவைத்து, அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "எந்த அமைச்சருக்கு?" என்று கேட்டது தனிக் கதை.

அந்த ஒரு வருஷம் நாளையோடு முடிகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக் கச்சேரி. இது முடிந்ததும், மேடையில் கோலசைத்து நடத்தும் கண்டக்டர் தன் அறையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதப்போகிறார். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று.

"கண்டக்டரா? விசில் வெச்சிருப்பாரா?" என்று மச்சான் காலையிலேயே கேட்டாயிற்று. அதோடு விட்டாரா? "நானும் வரேன் இன்னிக்கு. அப்படி என்னதான் பண்றேன்னு பார்த்துடறேன். கடையில உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு மாப்ளே, மனசுல வெச்சுக்கோ." அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குப் பயந்துதான் அவன் பாதி இட்லியோடு எழுந்துவிட்டான்.

போன மாதம் ஒரு தப்பு நடந்துவிட்டது. இதே உருப்படி, இதே அடி. இரண்டு கட்டம் முன்னாலேயே அடித்துவிட்டான். கட்டம் என்பது நோட்டுக் காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்திருப்பது. ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. மூன்றாம் பகுதி ஆரம்பித்ததிலிருந்து நூற்று அறுபத்திரண்டு கட்டம் அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நூற்று அறுபத்து மூன்றாவதின் முதல் எண்ணிக்கையில் அடி. கூட்டியும் கூடாது, குறைத்தும் கூடாது. கண்டக்டர் கை காட்டுவாரே என்பீர்கள். இவர் காட்டமாட்டார். "நான் கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொல்றவன் எனக்கு வேணாம். எண்ணுங்க" என்பார். அன்று அந்த இரண்டு கட்டத்துக்காக அவர் அவனைப் பார்த்த பார்வையில், கையிலிருந்த தட்டு ரெண்டும் சுட்டது.

எண்ணுவது என்றால் சும்மா ஒன்று இரண்டு என்று போவதில்லை. ஒன்று இரண்டு மூன்று நாலு. இரண்டு இரண்டு மூன்று நாலு. மூன்று இரண்டு மூன்று நாலு. இப்படி எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம் ஒரு மனுஷன் வேறு எதையும் நினைக்காமல் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு. வாத்தியம் வாசிக்கிறவர்கள் கண்ணை மூடினால் ஏதோ பெரிய உலகத்தில் மூழ்கிவிட்டார்கள் என்று. கிழிஞ்சது போங்கள்! கேன்டீனில் அவனே எல்லோரையும் கேட்டுப் பார்த்திருக்கிறான். முதல் வயலின்காரர், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடத்தில், காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசிப்பாராம். புல்லாங்குழல் பெண்ணுக்கு மறுநாள் என்ன சமைப்பது என்பது மெதுவான பகுதிகளில்தான் முடிவாகுமாம். செல்லோ வாசிக்கும் பெரியவருக்கு முதல் வரிசையில் யார் செருப்பு என்ன நிறம் என்பது அத்துப்படி.

"கை பாட்டுக்கு வாசிக்கும், தலை பாட்டுக்கு ஊர் சுத்தும். அதுக்குத்தானே தம்பி இத்தனை வருஷம் பழகறோம்?" என்பாள் டிராம்போன் அக்கா.

அவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவன் கை சும்மா கிடக்கும்; தலைதான் வாசிக்க வேண்டும். அது ஊர் சுற்றப் போனால் அவ்வளவுதான்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் அவனுக்கு இடது பக்கத்து நாற்காலி அவளுடையது. ஐம்பது வயது, பதினெட்டு வருஷ சர்வீஸ், ஓயாத வாய். டிராம்போன் என்கிற, நீட்டி இழுத்து ஊதும் பித்தளைக் குழல் இந்த ஆர்க்கெஸ்ட்ராவில் ஒன்றே ஒன்றுதான், அது அக்காவுடையது. மூன்றாம் பகுதியில் அவளும் அவனைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்து, அவன் தட்டு அடிக்கும் அதே நொடியில் ஊத வேண்டும். கண்டக்டருக்கு அவள் நாற்காலி மேல் ஒரு கண். அவருடைய மாணவன் ஒருவன் டிராம்போனைத் தூக்கிக்கொண்டு வெளியில் காத்திருக்கிறான் என்பது பியூனுக்குக்கூடத் தெரியும். "என் நாற்காலி சூடு ஆறட்டும்னு வாசல்லயே நிக்கறான் பாவம்" என்று அக்கா சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்த நாற்காலியின் கையை ஒரு முறை தடவிப் பார்ப்பாள்.

இடைவேளையில், மேடைக்குப் பின்னாலிருந்த தண்ணீர் மெஷினருகே அவளைப் பிடித்தான். உள்ளங்கை வியர்த்துக்கொண்டேயிருந்தது. பேன்ட்டில் துடைத்துத் துடைத்துத் தொடைப் பக்கம் நனைந்திருந்தது.

"அக்கா, ஒரு உதவி. இன்னிக்கு டிராம்போனைக் கொஞ்சம் நல்லா தெரியற மாதிரி தூக்குங்க. நீங்க தூக்கினாத்தான் எனக்கு உயிர் வரும்."

"நான் தூக்கினாவா? ஏன்?"

"எண்ணிக்கிட்டே வருவேன், நூத்தி நாப்பதுக்கு மேல சந்தேகம் வந்துடும். நீங்க தூக்கறதைப் பார்த்துத்தான் அடிப்பேன். வருஷம் பூரா அப்படித்தானே?"

அக்கா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. இருமி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடப்பாவி! நான் உன்னைப் பார்த்துத்தானேடா தூக்கறேன்?" என்றாள்.

"என்னது?"

"நான் எங்க எண்ணறேன்? நாப்பது வரைக்கும் எண்ணுவேன், அப்புறம் பொண்ணு காலேஜ், வீட்டுல ஒழுகற குழாய்னு எங்கயோ போயிடுவேன். நீ நாற்காலி நுனிக்கு நகருவே பாரு, அப்ப தூக்குவேன். நீதான் உதட்டை அசைச்சு அசைச்சு எண்ணிக்கிட்டே இருக்கியே, தம்பி கரெக்டா இருப்பான்னு இருந்துட்டேன்."

இவன் நகர்ந்ததைப் பார்த்து அவள் தூக்கியிருக்கிறாள். அவள் தூக்கியதைப் பார்த்து, ஆகா நம் கணக்கு சரிதான் என்று இவன் அடித்திருக்கிறான். குருட்டுத்தனமாக ஒரு வருஷம் ஓடியிருக்கிறது. போன மாதம்? சொன்னால் வெட்கக்கேடு. அன்று அவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. உதறலாம் என்று நுனிக்கு நகர்ந்தான். அக்கா தூக்கினாள். ஐயோ, நாம்தான் எண்ணிக்கையில் பின்தங்கிவிட்டோம் என்று பதறி எழுந்து அடித்தான்.

"நான் கடைசி நொடியில மூச்சை முழுங்கிட்டேன். நீ அடிச்சுட்டே," என்றாள் அக்கா. இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு என்னைப் பார்க்காதீங்க. நீங்க பார்க்கறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நகரவே பயமா இருக்கும். நீங்களே எண்ணுங்க. என் வேலை இதுலதான் இருக்கு."

"நானா? பதினெட்டு வருஷம் கழிச்சு இன்னிக்கா?" என்றவள் அவன் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டாள். "சரிடா. பார்க்கல. சத்தியமா பார்க்கல. போ, போய் மூக்கைச் சிந்திட்டு உக்காரு."

உருப்படியின் முதல் இரண்டு பகுதியும் முடிந்து, மூன்றாம் பகுதி ஆரம்பித்தது. ஒன்று இரண்டு மூன்று நாலு. இரண்டு இரண்டு மூன்று நாலு.

முப்பதுவரை ஒரு குறையும் இல்லை. முப்பத்தொன்றில் மூக்கு அரித்தது. இரண்டு கையிலும் தட்டு. முப்பத்திரண்டு இரண்டு மூன்று நாலு. தும்மல் வந்தால்? வராது. வந்தால்? முப்பத்து மூன்று. மூன்றாவது வரிசையில் மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பது தெரிந்தது. பல் டாக்டர் கிளினிக்கில் ஊசியும் இடுக்கியும் எடுத்துக் கொடுக்கிற கை. அங்கே ஒரு நாளும் நடுங்காது. பக்கத்தில் மச்சான், வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி. கொட்டாவி விடுங்கள், நன்றாக விடுங்கள், உங்களுக்கென்ன. முப்பத்தொன்பது இரண்டு மூன்று... முப்பத்தொன்பதா, நாற்பதா? முப்பத்தொன்பது. சத்தியமாக முப்பத்தொன்பது.

அறுபதில் தட்டின் தோல் வார் கையில் வழுக்கியது. எழுபத்தைந்தில், திங்கட்கிழமை காலை டைல்ஸ் கடைக்குள் நுழைவது போலவும், பழைய வாடிக்கையாளர் ஒருவர் "என்ன, வந்துட்டீங்களா?" என்று கேட்பது போலவும் மனசுக்குள் படம் ஓடியது. எண்ணிக்கையின் மேல் அந்தப் படம் ஓடியது, படத்தின் மேல் எண்ணிக்கை ஓடியது. எழுபத்தாறு இரண்டு மூன்று நாலு, ஆமாம் சார் வந்துட்டேன், எழுபத்தேழு இரண்டு மூன்று நாலு. தலைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போடுவது போலிருந்தது.

நூறு தாண்டியபோதுதான் அக்காவின் கை கண்ணில் பட்டது.

பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வலது கையை மடியில் வைத்து, கட்டத்துக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து ஆனால் கை மூடும். மறுபடி திறக்கும். பார்க்கக் கூடாது என்று அவளிடம் சொன்னவன், தானே பார்க்க ஆரம்பித்துவிட்டான். பழக்கம் அப்படி!

அவன் கணக்கில் நூற்றுப் பத்து முடிந்தது. அப்படியானால் அவள் கை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. சுண்டு விரல் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினைந்து. சுண்டு விரல் நீட்டிக்கொண்டேயிருந்தது. அடுத்த கட்டத்தில்தான் மடங்கியது.

இருவரில் ஒருவர் தப்பு. இவன் ஒன்று கூட, அல்லது அவள் ஒன்று குறைவு. பதினெட்டு வருஷ சர்வீஸா, ஒரு வருஷச் சோதனையா? யாரை நம்புவது? வருஷம் முழுக்க அவளை நம்பியே பழகிய மனசு அவள் பக்கமே இழுத்தது. ஒன்றைக் குறைத்துக்கொள், இப்போதே குறைத்துக்கொள் என்றது. அந்த முப்பத்தொன்பது உண்மையில் முப்பத்தெட்டாக இருந்திருந்தால்? முதுகில் வியர்வை ஓடியது. நூற்று முப்பது இரண்டு மூன்று நாலு.

அவன் நோட்டில் நூற்று நாற்பத்து நாலாவது கட்டத்தின் மேல் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. புல்லாங்குழல் தனியாக வரும் இடம் அது. அவனே ஒத்திகையில் எழுதி வைத்தது. அதுவரை மட்டும் தாங்கிக்கொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நூற்று நாற்பத்து மூன்று இரண்டு மூன்று நாலு. நூற்று நாற்பத்து நாலு.

புல்லாங்குழல் வந்தது. மற்ற எல்லாம் அடங்கி, அது ஒன்று மட்டும், கூப்பிட்டது போல வந்தது. நாளைக்கு என்ன சமைக்கிறாளோ, மகராசி நன்றாக இருக்கட்டும்!

ஆக, அவன் சரி. அக்காதான் ஒன்று பின்னால்.

இப்போது இன்னும் பதினெட்டு கட்டம் இருந்தது, ஏறக்குறைய ஒரு நிமிஷம். ஒரு செருமல் போதும். காலால் அவள் நாற்காலியை இலேசாக இடித்தால் போதும். திரும்பிப் பார்த்திருப்பாள், புரிந்துகொண்டிருப்பாள். அவனுக்கு அது தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. ஆனால் அவளை இடித்து, அவள் திரும்பி, என்ன என்று புருவத்தைத் தூக்கி, அந்தக் குழப்பத்தில் தன் எண்ணிக்கை போய்விட்டால்? நூற்று ஐம்பது இரண்டு மூன்று நாலு. முதலில் என் தலை தப்பட்டும் என்று நினைத்தான். நூற்று ஐம்பத்தைந்து. அவள் சுண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தை அந்தப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டான்.

நூற்று அறுபதில் எழுந்தான். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு இரண்டு மூன்று நாலு.

அடித்தான்.

மொத்த வாத்தியமும் அதே நொடியில் உச்சியில் வந்து நின்றது. தட்டின் ஓசை அரங்கத்தின் கூரைவரை போய் அதிர்ந்தது. மச்சான் நாற்காலியிலிருந்து துள்ளியதை அவன் கண்ணாலேயே பார்த்தான். சரியான இடம், மயிரிழை பிசகாத இடம். அடுத்த கட்டத்தில் எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட, வயலின்கள் மட்டும் மூச்சு விடுவது போல மெல்ல எழும். அந்த அமைதிதான் அந்த உருப்படிக்கே உயிர்.

அந்த அமைதியில் அக்கா ஊதினாள். தட்டுச் சத்தத்தில் திடுக்கிட்டு, டிராம்போனைத் தூக்கி, மூச்சை இழுத்து அவள் ஊதுவதற்குள் எல்லோரும் நிறுத்தியாயிற்று. தூங்குகிற தெருவுக்குள் லாரி ஹாரன் அடித்தது போல அது ஒற்றையாக அலறிவிட்டு, பாதியில் அறுந்தது. யாரோ முன்வரிசையில் சிரித்தார்கள். கண்டக்டரின் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது.

கச்சேரி முடிந்து கைதட்டலெல்லாம் ஓய்ந்ததும் அவனுக்குத்தான் முதலில் அழைப்பு வந்தது. அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேஜை மேல் அவன் பெயர் போட்ட காகிதம். கண்டக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

"இன்னிக்கு கச்சிதம். நான் எதிர்பார்க்கல," என்றார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். "போன மாசம் நடந்ததை யோசிச்சுப் பார்த்தேன். அன்னிக்கும் அந்தம்மா முன்னாடியே தூக்கினாங்க. நான் பார்த்தேன். அதைப் பார்த்துத்தானே நீங்க அடிச்சீங்க?"

அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அக்கா தூக்கியது உண்மை. அதைப் பார்த்து அவன் அடித்ததும் உண்மை.

"ஆமா சார்."

"அதான். எனக்கு அப்பவே சந்தேகம். ரெண்டு கச்சேரியையும் கெடுத்திருக்காங்க. சரி, உங்க பேப்பரை நாளைக்கு ஆபீசுக்கு அனுப்பிடறேன். நிரந்தரம்தான், கவலைப்படாதீங்க. வெளியில அந்தம்மா இருந்தா வரச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டிராம்போன் பெட்டி மடியில். அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னடா, நிலைச்சுதா?"

"நிலைச்சுது அக்கா."

"அப்பாடா!" அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நான் சொதப்பினதுல உனக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு இங்க உக்காந்து செத்துக்கிட்டு இருந்தேன். நீ சொன்ன மாதிரி உன்னைப் பார்க்கவே இல்லடா. ஒரே ஒரு தடவை திரும்பலாமான்னு இருந்துச்சு. சத்தியம் பண்ணிட்டோமேன்னு விட்டுட்டேன்." சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. "கோவமா இருக்காரா?"

"உங்களை வரச் சொன்னார்."

"வரச் சொல்லத்தானே செய்வார்." பெட்டியைப் பெஞ்சில் வைத்தாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

போன் அடித்தது. மனைவி. "என்னங்க ஆச்சு? சொல்லுங்க சீக்கிரம். இங்க அண்ணன் இருப்புக் கொள்ளாம குதிக்கறார். அடிச்ச அடியில தூக்கம் போச்சாம், மாப்ளே பின்னிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார்."

"கிடைச்சுடுச்சு," என்றான். அந்தப் பக்கத்தில் அவள் அழுதுவிட்டாள். அழட்டும், ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. கதவுக்குப் பின்னால் கண்டக்டரின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. போன மாசமும் நீங்கதானாமே என்பது தெளிவாகக் கேட்டது. அக்காவின் குரல் கேட்கவேயில்லை. ஒரு நாளும் ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் இல்லை, அவன்தான் முதலில் நகர்ந்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வெச்சுடறேன்," என்று போனை அணைத்தான். கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. திறந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

"சார், போன மாசம் நான்தான் சார். கால் மரத்துப்போய் நான்தான் முதல்ல நகர்ந்தேன். அதைப் பார்த்துத்தான் அக்கா தூக்கினாங்க. இன்னிக்கும் என்னைப் பார்க்காதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவங்க ஒரு கட்டம் பின்னாடி இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

"டேய், வாயை மூடு," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்ல சார், வருஷம் பூரா நான் அவங்களைப் பார்த்து அடிச்சேன். அவங்க என்னைப் பார்த்து ஊதினாங்க."

கண்டக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜை மேல் அவன் காகிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் அவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா யார்தான் எண்ணிக்கிட்டு இருந்தது?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.